கறள் கரைத்த கஞ்சி

ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவனைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று கலியாணத்துக்குச் சொல்ல வருவார்கள், இல்லையென்றால் இறுகிப்போன ஏதோ ஒன்றைக் கழற்ற வழி கேட்டு வருவார்கள். போன மாதம் கல்முனைக் கராஜ் ஒன்றிலிருந்து வந்த இரண்டு பேரும் இரண்டாவது வகை. வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த ஒருவர் ஆசைப்பட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் பிரேக் சாமான்களுக்குப் புதுசு கிடைக்காது, இருக்கிறதில் துருப்பிடித்த கறள் ஒரு விரல் தடிப்பு. கடையில் விற்கும் அசிட்டை ஊற்றியிருக்கிறார்கள். கறளும் போனது, ஸ்பிரிங்கும் முறிந்து போனது. அந்தக் காலத்தில் என்னத்தைப் போட்டுக் கறள் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

நான் கஞ்சி என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். முறையை ஒன்றும் விடாமல் சொல்லி அனுப்பினேன். அந்தக் கஞ்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மற்றதைச் சொல்லவில்லை. அது இத்தனை வருடமாக மனதில் கிடக்கிறது. இனியும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

நான் வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. லொறியில் கிளீனர், மட்டக்களப்பில் இரண்டு வருடம் கிரீஸ் பூசியது, கொழும்பில் ஒன்றரை வருடம் திட்டு வாங்கியது. இவ்வளவும் முடிந்து, ஐம்பதுகளின் நடுப்பகுதியில், இருபத்துமூன்று வயதில் கல்முனையில் பாவா காக்காவின் கராஜில் சேர்ந்தேன். ஆதம்பாவா என்பது முழுப்பெயர், காக்கா என்பது அண்ணன் என்கிற மாதிரி மரியாதைக்கு. எஞ்சினை அவர் பார்ப்பார், பிரேக் முழுக்க என் பொறுப்பு. காரை ஓட வைக்கிறவனுக்குத்தான் ஊரில் மரியாதை. நிற்க வைக்கிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை, நிற்காமல் போகும் நாள் வரைக்கும்.

பாவா காக்கா குரலை உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. நான் துப்புரவாக்கி வைத்த பிரேக் சிலிண்டரைக் கையில் எடுப்பார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சின்ன விரலை உள்ளே விட்டு நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றுவார். நகம் எங்காவது தட்டினால் "இன்னும் கதைக்குது. திரும்பப் போடு" என்பார், அவ்வளவுதான். கண் ஏமாறும், நகம் ஏமாறாது என்பது அவருடைய எண்ணம். முதல் ஆறு மாதம் எனக்கு அந்தச் சின்ன விரலைக் கண்டாலே எரிச்சல் வரும்.

எங்கள் கரையில் கறள் என்பது மற்ற ஊர்த் துருவைப் போல மெல்ல மெல்ல வருவதில்லை. கடற்காற்று இரவோடிரவாக வேலையை முடித்துவிடும். ஒரு கார் ஆறு மாதம் சும்மா நின்றால் பிரேக் ட்ரம்மும் உள்ளே இருக்கும் கட்டையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டித் தட்டித்தான் ட்ரம்மைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு இரும்புச் சுத்தியலால் அடித்தால் ட்ரம் வெடிக்கும். பிறகு சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இறுகிய பிஸ்டனைத் தள்ளி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கஞ்சி.

அந்தக் கஞ்சி மருதமுனையில் இருந்து வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு தறி. தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிமாக் கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். மிஞ்சிய கஞ்சி பானையில் கிடந்து புளித்து, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரும் அளவுக்கு நாறும். ஒரு நெசவுக்காரர் வீட்டில் அப்படிப்பட்ட பானைக்குள் தறியின் இரும்புக் கம்பி ஒன்று தவறி விழுந்து, நாலு நாள் கழித்துக் கறள் இல்லாமல் வெளியே வந்ததாம். அதைக் கேள்விப்பட்ட பாவா காக்கா அன்றே ஒரு பானை வாங்கிவந்துவிட்டார். அசிட் இரும்பையும் சேர்த்துத் தின்னும். புளித்த கஞ்சி கறளை மட்டும் தின்னும், ஆனால் அவசரமில்லாமல் ஆறுதலாகத் தின்னும். இரண்டு இரவு ஊற வேண்டும். எடுத்து, தேங்காய்த் தும்பில் உமிச்சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, கொதிநீரில் கழுவி, அடுப்புச் சூட்டில் காய வைத்து, சூடு ஆறுவதற்குள் ஆமணக்கெண்ணெய் பூச வேண்டும். பேதிக்குக் குடிக்கிற அதே எண்ணெய்தான். மண்ணெண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ பட்டால் சிலிண்டருக்குள் போகும் ரப்பர் ஊதிப்போகும், பிரேக் பிடித்த பிடியில் நிற்கும். எண்ணெய் பூசாமல் விட்டாலோ, விடிந்து பார்க்கும்போது கறள் திரும்பவும் வந்திருக்கும்.

கஞ்சி எடுக்கப் பதினைந்து நாளுக்கு ஒருக்கால் சைக்கிளில் நான்தான் போவேன். அந்த நெசவுக்காரருடைய மூத்த மகள் ஆசியா. தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். வேலியின் அடியில் இருந்த பொத்தலால் நான் வெறும் பானையைத் தள்ளுவேன், அவள் நிறைந்த பானையைத் தள்ளுவாள். முகத்தை முழுசாகக் கண்டது மூன்று வருடத்தில் நாலைந்து தரம் இருக்கும். கையைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். நூற்சாயம் நகத்தடியில் ஒருநாள் சிவப்பாக இருக்கும், ஒருநாள் நீலமாக இருக்கும்.

முதல் நாள் அவள் என்னத்துக்கு இந்த நாறல் கஞ்சி என்று கேட்டாள். இரும்பில் கறள் போக என்றேன். எப்படிப் போகும், எத்தனை நாள் வைப்பீர்கள், இரும்பு பிறகு என்ன நிறத்தில் இருக்கும் என்று கேள்வி மேல் கேள்வி. நானும் பெரிய எஞ்சினியர் மாதிரி விளக்கினேன். கடைசியில், "அப்ப இரும்புக்கும் பசிக்கும் எண்டு சொல்லுங்க" என்றாள். சைக்கிளில் திரும்பி வரும்போது பாண்டிருப்பு தாண்டும் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து கஞ்சி முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பாவா காக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் மீசைக்குள் சிரிப்பார்.

எனக்கு ஆசியாவை நிக்காஹ் முடிக்க வேண்டும். உலகத்தில் அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்க ஏலாது. வாப்பா மௌத்தாகிவிட்டார், எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும். தங்கச்சியை வைத்துக்கொண்டு அண்ணன்காரன் கலியாணம் முடிப்பது வழக்கமில்லை, முடித்தால் ஊர் சும்மா விடாது. மூத்தவளுக்குக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இளையவளின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் பாக்கி. கூரை போட்ட மறுநாள் பாவா காக்காவை அனுப்பிப் பெண் கேட்பது என்று மனதுக்குள் முடிவு எடுத்திருந்தேன். மனதுக்குள் எடுத்த முடிவு மருதமுனை வரைக்கும் கேட்குமா? அந்த யோசனை எனக்கு வரவில்லை.

ஒரு மாரிகாலம், சனிக்கிழமை. சாய்ந்தமருதில் பெரிய வயற்காரரான ஒரு போடியாரின் காரை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். கடற்கரைப் பக்கக் கொட்டிலில் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா நின்ற கார். நாலு சில்லும் இறுகியிருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை கொண்டுபோக வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை போடியாரின் தங்கச்சி மகன், பள்ளிக்கூட வாத்தியார். பெண் வீடு எங்கே என்று பாவா காக்கா கேட்டார். மருதமுனை என்றார்கள், தகப்பன் பெயரையும் சொன்னார்கள்: ஆசியாவின் வாப்பா, மூத்த மகள். காவின் போன வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் எழுதி முடிந்துவிட்டதாம்.

காவின் எழுதி முடிந்ததென்றால் நிக்காஹ் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் யாரிடமும் போய்க் கதைக்க ஒன்றுமில்லை. நான் ட்ரம்முக்கு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். விட்டுக்கொண்டே இருந்தேன். போத்தல் முழுவதும் நிலத்தில் ஊற்றுண்டு போனதைப் பாவா காக்கா வந்து கையைப் பிடித்தபோதுதான் கண்டேன்.

அன்று பின்னேரம் கஞ்சிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது, கறள் காத்துக்கொண்டு நிற்காது. வேலியடியில் வந்த கை வேறு கை. ஆசியாவின் தங்கச்சி ஹாஜரா. நாள் குறித்த பெண் வேலிப் பக்கம் வர மாட்டாள் என்பது எனக்குத் தெரியாமலா? ஆனாலும் அந்தக் கையின் நகத்தடியில் நூற்சாயத்தைத் தேடினேன். பானையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கஞ்சி வழக்கம்போல நாறவில்லை, லேசாக நீலம் ஓடியிருந்தது. சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நாளாக இருந்தால் நின்று யோசித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் எடுத்துக் கழுவிப் பார்த்தால், நாலு சிலிண்டரும் இளஞ்சிவப்பாக மின்னுகின்றன. கறள் என்று சொல்ல ஒரு பொட்டும் இல்லை. என் கைக்கு இவ்வளவு அழகான வேலை அதுவரைக்கும் வந்ததில்லை. அவளுடைய மாப்பிள்ளை வரப்போகும் காருக்கு இப்படி அமைந்ததே என்று நெஞ்சு வலித்தது. அந்த வலியிலும் கொஞ்சம் பெருமை இருந்தது, அதை மறைத்து என்ன?

பாவா காக்கா ஒன்றை எடுத்தார். கண்ணை மூடினார். நகம் ஒரு சுற்று வந்தது, ஓர் இடத்திலும் தட்டவில்லை. ஆனால் அவர் கண்ணைத் திறக்காமல் அதே இடத்தில் நகத்தை வைத்து அழுத்திச் சுரண்டினார். நகத்தோடு செம்பு நிறத்தில் சேறு மாதிரி ஒன்று வந்தது. அதன் கீழே அரிசி அளவு குழி. நான் ஊசியால் குத்தக் குத்த இரண்டு சிலிண்டரில் அப்படி ஏழெட்டுக் குழிகள் திறந்தன. கறள் தின்ற பள்ளங்களைச் செம்பும் கஞ்சிப் பசையும் அடைத்து, மேலால் பூசி மெழுகி வைத்திருந்தன. அப்படியே கட்டியிருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் பிடிக்கும். பிறகு பிரேக் எண்ணெய் அந்தப் பள்ளங்களால் ஒழுகி, பெடல் தட்டோடு போய் உட்காரும். மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் முழுக்க ஓடும்.

"இது என்ன கஞ்சி?" என்று மட்டும் கேட்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஹாஜராவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை தந்த கஞ்சிக்குள் என்ன கிடந்தது என்று கேட்டேன். மயில்துத்தம் என்றாள். மாரியில் கஞ்சி தடவிய நூலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் துத்தம் கலப்பார்களாம். துத்தம் என்பது செம்பின் உப்பு, இரும்பைக் கண்டால் செம்பு அதில் ஒட்டிக்கொள்ளும். அது எனக்குக் கொழும்பிலேயே தெரியும். கஞ்சியில் அது இருக்கும் என்றுதான் தெரியாது. மூன்று வருடமாக மாரியிலும் வாங்கியிருக்கிறேனே, ஒருநாளும் இப்படி வரவில்லையே என்றேன்.

ஹாஜரா சொன்னாள்: "துத்தம் போடாத கஞ்சி எங்கட ஊட்டுல ஏது? ஆசியா லாத்தாதான் உங்கட பானைக்கு எண்டு துத்தம் போட முந்தியே புறம்பா எடுத்து வெப்பா. ஒவ்வொரு நாளும் போய்க் கிண்டி, புளிச்சிட்டா எண்டு மூக்க வெச்சு மணந்து பாப்பா. நாங்க எல்லாரும் சிரிப்பம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

இரும்பு பிறகு என்ன நிறத்தில் இருக்கும் என்று முதல் நாளே கேட்டாளே. நான் எஞ்சினியர் மாதிரி விளக்கியதைக் கேட்டு, துத்தம் இதற்கு ஆகாது என்று அவளே யோசித்திருக்கிறாள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மூன்று வருடம் எனக்கென்று ஒரு பானையைப் பக்கத்தில் வைத்து, அந்த நாற்றத்தை முகத்தில் வாங்கி, கிண்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ எல்லாக் கஞ்சியும் ஒன்று என்று நினைத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். கூரைக்குக் காத்திருந்தேன் நான். அவள் எதற்குக் காத்திருந்தாளோ? ஒரு தரம், ஒரே ஒரு தரம், கூரை போட்டதும் வருவேன் என்று அந்த வேலியைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாஜராவுக்கு என்ன விளங்கியதோ, உள்ளே போய்த் திரும்பி வந்தாள். லாத்தா கடைசியாக வைத்த பானை மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்ததாம், தனக்குத் தெரியாமல் மற்றதைத் தந்துவிட்டாளாம். அந்தப் பானையை வேலிக்கு அடியால் தள்ளினாள். மூடியைத் திறக்காமலே நாறியது.

குழி விழுந்த இரண்டு சிலிண்டரும் இனி எதற்கும் ஆகாது. அதே வகைக் கார் ஒன்று வரிப்பத்தான்சேனையில் ஒரு நெல் வியாபாரியின் வளவில் எஞ்சின் இல்லாமல் கிடப்பது பாவா காக்காவுக்குத் தெரியும். அவருடைய கடிதத்தோடு பஸ் ஏறிப் போனேன். கோழிகள் அடைந்து கிடந்த காரின் கீழே படுத்து இரண்டு சிலிண்டரைக் கழற்றி எடுத்து வந்தேன். அவையும் கறள்தான், ஆனால் கடற்காற்றுப் படாத உள்நாட்டுக் கறள், மேலோட்டமானது. அன்றே அவளுடைய கஞ்சியில் போட்டேன். செம்பைச் சுரண்டி எடுத்த மற்ற இரண்டையும் கூடவே போட்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. அவள் கிண்டியது மாதிரி நானும் போய்ப் போய்க் கிண்டினேன், மணந்து பார்த்தேன். அவளுடைய மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர, அவள் எனக்காக வைத்த கஞ்சி. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வியாழன் காலையில் நாலும் சாம்பல் நிறத்தில் வந்தன. மினுக்கம் இல்லை, சுத்தமான இரும்பு. பாவா காக்கா நாலுக்கும் நகத்தைச் சுற்றினார். எங்கும் தட்டவில்லை, என் கையில் தந்தார். ஆமணக்கெண்ணெய் பூசி, புது ரப்பர் போட்டு, பூட்டி, குழாயில் இருந்த காற்றை எல்லாம் வெளியே எடுத்து மத்தியான லுஹர் பாங்குக்கு முன் முடித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது.

எங்கள் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. பிரேக் கட்டியவன் அந்தக் காரின் முதல் ஓட்டத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து போக வேண்டும். பாவா காக்கா வைத்த சட்டம், ஒருவருக்கும் விலக்கில்லை. அன்று அவரே தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, "நான் ஏறிப் போறன். நீ நில்லு" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கஞ்சி முடிந்தது என்று நான் சொன்ன முதல் பொய்யிலிருந்தே தெரிந்திருக்கும்.

"இல்ல காக்கா" என்றேன். "நான் கட்டின பிரேக்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

சாய்ந்தமருதில் மாப்பிள்ளையை ஏற்றினோம். வெள்ளைச் சட்டை, தலைப்பாகை, கழுத்தில் மாலை. கெட்ட மனிதனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் ஏறியவுடன் எனக்கு ஸலாம் சொன்னார். வெயிலுக்குள் நான் வேர்த்திருப்பதைக் கண்டு துடைக்கத் தன் கைலேஞ்சியை நீட்டினார். கல்முனைக் கடைத்தெருவைக் கடக்கும்போது முன்னால் ரபான் அடித்துக்கொண்டு போனார்கள், பிள்ளைகள் சில்லோடு சில்லாக ஓடினார்கள். ஒரு பிள்ளை விழுந்தது. சாரதி மிதித்தான், கார் அந்த இடத்திலேயே நின்றது. பிள்ளை எழும்பிச் சிரித்துக்கொண்டு ஓடியது.

பிறகு மருதமுனை வந்தது. எனக்குத் தெரிந்த குறுகிய ஒழுங்கை, எனக்குத் தெரிந்த வேலி. புதுக் கிடுகு கட்டி, குருத்தோலையால் சோடித்திருந்தார்கள். வாசலில் ஆசியாவின் தம்பி, மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிடச் செம்பில் தண்ணீரோடு நின்றான். உள்ளே பெண்கள் குரவை இட்டார்கள்.

அதற்குப் பின்னால் முப்பத்தைந்து வருடம் பிரேக் கட்டினேன். கலியாணம் முடித்தேன், பிள்ளைகள் பெற்றேன், மௌத்தாகிப் போன என் மனைவியிடம் இதையும் ஒருநாள் சொன்னேன். அவள் நல்லவள், கேட்டுவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். கார், லொறி, பஸ் என்று எத்தனையோ சில்லுகள் என் கையால் நின்றிருக்கின்றன. ஒவ்வொன்றும் நிற்க வேண்டும் என்று துஆக் கேட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். நிற்காமல் போகட்டும் என்று நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு தரம்தான். யாருக்கும் ஒன்றும் நடக்க வேண்டாம், ஒருவருக்கும் கீறல்கூட வேண்டாம். அந்த வாசலை மட்டும் தாண்டி, மெதுவாக அப்படியே கடற்கரைப் பக்கம் போய்விட்டால் போதும்.

சாரதி பெடலை மிதித்தான். கார் ஒரு விரல்கூட விலகாமல் அவளுடைய வாசலுக்கு நேரே நின்றது.